பதினாறு ஸ்லைடுகள்

முதல் ஸ்லைடில் தோல். வெறும் தோல். தோல் நல்லது, தோல் யாரையும் ஒன்றும் செய்யாது, எடு, அடுத்தது. இல்லை, அவசரப்படாதே செண்பகராமா, அவசரப்பட்டதால்தான் இங்கே வந்து நிற்கிறது, சட்டைக்கு இஸ்திரி போடுகிற மாதிரி ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை போ, ஒரு விரல் இறங்கு, திரும்பி வா, ஒரு மடிப்பு விடாதே. தோலுக்கு அடியில் வியர்வைச் சுரப்பி, அதற்குப் பக்கத்தில் முடிக்கால், அதற்குப் பக்கத்தில் சம்பந்தமே இல்லாமல் மூச்சுக்குழாயின் உள்தோல், ஒரு துண்டு குருத்தெலும்பு. வீடு மாற்றுகிறவன் லாரியில் ஏற்றின சாமான் மாதிரி, கட்டிலுக்கு மேலே அம்மிக்கல், அம்மிக்கல்லுக்கு மேலே சாமி படம். எல்லாம் ஒரே வீட்டுச் சாமான்தான், இடம்தான் தப்பு. டெரட்டோமா என்றால் அவ்வளவுதான். பதினேழு வயதுப் பெண்ணின் வலது சூலகத்தில் பதினாறு சென்டிமீட்டருக்கு வளர்ந்த கட்டி. முட்டையாக இருந்திருக்க வேண்டிய ஒரு செல், யாரும் தொடாமல் தானாகக் கிளம்பி, தோல் செய்கிறேன் பல் செய்கிறேன் மூளை செய்கிறேன் என்று ஆரம்பித்துவிட்டது. செய்ததெல்லாம் முதிர்ந்த திசுவாக இருந்தால் கட்டியை எடுத்ததோடு கதை முடிந்தது. எங்கேயாவது ஒரு மூலையில், கருவில் இருக்கிற சிசுவின் மூளை மாதிரி இன்னும் பெருகிக்கொண்டே இருக்கிற நரம்புத் திசு இருந்தால் முடியவில்லை. அதைத்தான் தேடுகிறேன். தேட வேண்டியது இன்றைக்கு அல்ல, போன வாரம். போன வாரம் நான் முதிர்ந்த டெரட்டோமா, புற்று இல்லை என்று எழுதினேன், எங்கள் பேத்தாலஜி பேராசிரியர் திரவியம் சார் கையெழுத்துப் போட்டார், ரிப்போர்ட் போய்விட்டது. இன்றைக்கு மறுபடி வெட்டின பதினாறு ஸ்லைடு தட்டில் இருக்கிறது. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் வராந்தா பெஞ்சில் அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் இருக்கிறார்கள். பார்க்காதே. இரண்டாவது ஸ்லைடு. கொழுப்பு. கொழுப்பு, கொழுப்பு, ஒரு நரம்பு, கொழுப்பு. பெண்ணின் பெயர் முப்புடாதி. படிவத்தில் அந்தப் பெயரைப் பார்த்ததும் சங்கரன்கோவில் பக்கம் என்று நினைத்தேன், சரியாக இருந்தது, அதில் ஒரு சின்ன சந்தோஷம்கூட வந்தது, ஊரைச் சரியாகச் சொன்னவன் கட்டியைச் சரியாகச் சொல்லவில்லை.

மூன்றாவது. மறுபடி தோல். அஞ்சு பிளாக்தான் எடுத்தேன் அன்றைக்கு, கட்டியிலிருந்து வெட்டி மெழுகில் பதிக்கிற துண்டு. ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு பிளாக், இது முதல் வருஷத்திலேயே எல்லோருக்கும் தெரியும், பதினாறு சென்டிமீட்டர் என்றால் பதினாறு, அஞ்சு எடுத்தேன். ஏன் என்று யாரும் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வேன்? முடி என்று சொல்வேனா? முடிதான் காரணம் என்று ஒரு டாக்டர் சொன்னால் சிரிக்க மாட்டார்களா? ஆனால் முடிதான். கட்டியைப் பிளந்ததும் வெண்ணெய் மாதிரி மஞ்சள் கொழுப்பு வழிந்தது, அதற்குள் சுருட்டி வைத்த சவுரி மாதிரி ஒரு முடிக்கற்றை, அது முளைத்த இடத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்கு இரண்டு மூன்று திரடு, ஒன்றில் பல். அந்தத் திரடுகளிலிருந்துதான் முக்கியமாக எடுக்க வேண்டும். எடுத்தால் கூடவே முடி வரும். முடி மெழுகுக் கட்டிக்குள் போனால் லேப் டெக்னீஷியன் ஜெபமணி அண்ணன் மைக்ரோடோம் மெஷினில் சீவுகிறபோது பிளேடில் மாட்டும், பிளேடு பல் விழும், ஸ்லைடு பூராவும் கீறல். அதற்கு முந்தின வாரம்தான் ஒரு முடியுள்ள பிளாக்கைக் கொண்டுவந்து என் மேசையில் டொக்கென்று வைத்தார். "டாக்டர் தம்பி, நான் இங்க மைக்ரோடோம் ஓட்டுதேனா சலூன் நடத்துதேனா? இன்னொரு தடவை மயிரு வந்துச்சுன்னா கட்டிங்கா சேவிங்கான்னு எழுதி அனுப்பிருங்க." அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு மறுநாளிலிருந்து முடி இருக்கிற இடம் பக்கமே கத்தியைக் கொண்டுபோகவில்லை. வழவழவென்று இருந்த சுவரில் அஞ்சு துண்டு, அழகாக, சதுரமாக. ஜெபமணி அண்ணன்கூட சொன்னார், இப்பம்தான் தம்பி தேறியிருக்கீக. அவர் மேல் பழி இல்லை. அவர் பிளேடைப் பற்றித்தான் சொன்னார். முடியைக் கழுவி, இடுக்கியால் பிடுங்கி, திரடை மட்டும் எடுத்திருக்கலாம், அரை மணி நேர வேலை. திரவியம் சார் வகுப்புக்குப் போகிற அவசரத்தில் ஸ்லைடு பார்த்துக்கொண்டே கேட்டார், "சாம்பிள் போதும்ல?" போதும் சார் என்றேன். போதும். எவ்வளவு லேசாக வாயிலிருந்து வருகிற சொல். சாப்பாட்டு இலையில் கையைக் குறுக்கே வைத்துச் சொல்கிற சொல். அதைச் சொல்லி ஒரு பெண்ணின் கட்டியை மூடி வைத்துவிட்டேன். நாலாவதில் குடல். குடலின் உள்தோல், ஒழுங்காக, சாப்பாடே பார்த்திராத குடல். அதில் ஒன்றுமில்லை. உண்மையிலேயே ஒன்றுமில்லையா, இல்லை, ஒன்றுமில்லை என்று ஆசைப்படுகிறேனா? திரும்பப் பார். இடமிருந்து வலம். ஒன்றுமில்லை.

அஞ்சு. ஆறு. வீட்டில் கேட்டு வளர்ந்த கதைகளில் எல்லாம் ஏழாவதில்தான் இருக்கும், ஆறு அறை திறந்து பார்க்கலாம், ஏழாவதைத் திறக்காதே என்பார்கள், திறந்தால் அங்கேதான் இருக்கும். ஏழாவதை வைத்தேன். கரும்நீலம். அய்யோ. நெருக்கமாக, சின்னச் சின்னதாக, கரும்நீலப் புள்ளிகள் பட்டையாகப் போகின்றன. லென்ஸை மாற்று, மாற்று, பெரிதாக்கிப் பார். பட்டைக்கு மேலே இளஞ்சிவப்பு அடுக்கு, நடுவில் வரிசை வைத்து நிற்கிற பெரிய செல்கள். வரிசை இருக்கிறது. அடுக்கு இருக்கிறது. சிறுமூளை இது, வளர்ந்த சிறுமூளை, கறுப்பாக இருப்பதெல்லாம் கெட்டது இல்லை, ஒழுங்கில் நின்றால் அது முதிர்ந்தது, நேற்றுப் படித்த பக்கத்தில் இதே படம் இருந்தது. நெற்றி வியர்வை மைக்ரோஸ்கோப்பின் கண்ணில் பட்டு வட்டம் மங்கிவிட்டது, துடைத்தேன், துடைத்துவிட்டுத் தெரியாத்தனமாக வராந்தாவைப் பார்த்தேன். அம்மா பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். வேலம்மாள். நேற்று அவள்தான் கவுன்டரில் என்னைப் பிடித்துக்கொண்டாள். தையல் பிரிக்க வந்தவர்களை, ஆபரேஷன் செய்த ஜெசிந்தா மேடம் போகாதீர்கள் என்று நிறுத்தி வைத்திருந்தார், ஏன் என்று சொல்லவில்லை, ஆஸ்பத்திரியில் போகாதே என்றால் யாருக்குத்தான் பயம் வராது? அவள் கேட்டது வேறு. குரலைத் தாழ்த்தி, சேலைத் தலைப்பை வாயருகே வைத்துக்கொண்டு கேட்டாள். "சார், உள்ள பல்லும் முடியும் இருந்துச்சுன்னு வார்டுல பேசிக்கிட்டாவ. பேச்சு ஊர் வரைக்கும் போயிட்டு. அது புள்ளையா சார்?" இல்லைம்மா என்றேன். அது பிள்ளை இல்லை, முட்டை தானாக வளர ஆரம்பித்துவிட்டது, பிறக்கும்போதே உள்ளே இருந்த செல், ஆம்பளைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, விதைப்பையில் ஆம்பளைகளுக்கும் இந்த மாதிரி வரும் என்றெல்லாம் சொன்னேன். என் குரல் எப்போதும் எனக்கே கேட்காது. வேலம்மாள் மகளைப் பார்த்து, "என்னட்டி சொல்லுதாரு?" என்றாள். முப்புடாதி செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், கவுன்டர் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள், "நான் ஒண்ணும் பண்ணலன்னு சொல்லுதாரு." வரிசையில் நின்ற ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார். அவரையும் பார்த்துச் சொன்னாள், "கேட்டுக்கிட்டீரா தாத்தா?" எனக்குச் சிரிப்பு வந்தது. இவள் கட்டியைத்தான் நான் சதுரமாக அஞ்சு துண்டு போட்டேன்.

எட்டில் எலும்பு, ஒன்பதில் தைராய்டு. ரத்தத்தில் அந்த எண் வராமல் போயிருந்தால்? ஏஎஃப்பி என்று ஒரு பரிசோதனை, ஆபரேஷனுக்கு முன்னாலேயே எடுத்து வெளியே அனுப்பினது, பத்துக்குள் இருக்க வேண்டியது, நூற்று நாற்பது என்று முந்தாநாள்தான் வந்து சேர்ந்தது. ஜெசிந்தா மேடம் போன் பண்ணினார். திட்டவில்லை. "செண்பகராமன், சாதாரண முதிர்ந்த டெரட்டோமாவுக்கு இது ஏறாதே. கட்டி இன்னும் இருக்கா?" அவ்வளவுதான் கேட்டார். கட்டி இன்னும் இருக்கா. ரிசீவரை வைத்துவிட்டு ஓடினேன், நிஜமாகவே ஓடினேன், ரிப்போர்ட் போன கட்டிகளை எல்லாம் துப்புரவு பார்க்கிற ஞானத்தாயக்கா மஞ்சள் பையில் கட்டி எரிக்கக் கொடுத்துவிடும் நாள் அது. அலமாரியின் அடித்தட்டில் வாளிகளை நகர்த்திக்கொண்டிருந்தது அக்கா. "அந்தப் பெரிய சோத்துவாளியா? பை பத்தலன்னு வச்சிருக்கேன். என்ன சார், மூச்சு வாங்குது, பேய் கண்டீகளா?" பை பற்றவில்லை. ஒரு மஞ்சள் பை கூடுதலாக இருந்திருந்தால் இந்தப் பதினாறு ஸ்லைடும் இல்லை, இந்த மேசையும் இல்லை, நான் இந்நேரம் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருப்பேன், எதுவும் நடக்காத மாதிரி. அப்புறம் ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து அவள் வயிறு மறுபடி உப்பி வந்திருப்பாள். அப்போது என் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்திருப்பார்கள். அதுவும் முக்கியமில்லை, ரிப்போர்ட்டை எடுப்பார்கள் என்பதா இப்போது கவலை? ஆமாம், அதுவும்தான் கவலை, பொய் சொல்லாதே. பத்தாவது. கொழுப்பு. கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. கணக்கு இதுதான்: சின்ன லென்ஸில் தெரிகிற வட்டம் ஒன்று, ஒரு ஸ்லைடில் முதிராத நரம்புத் திசுவை எல்லாம் சேர்த்தால் அந்த ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிட்டால் முதல் கிரேடு, ஆபரேஷன் போதும், மாதாமாதம் ரத்தம் பார்த்தால் போதும். ஒரு வட்டத்தைத் தாண்டினால் இரண்டு, மூன்றைத் தாண்டினால் மூன்று. தாண்டினால் கீமோ மருந்து ஏற்ற வேண்டும். சின்ன வயது, ஏற்றாமல் காத்திருந்து பார்க்கலாம் என்கிறவர்களும் உண்டு, ஜெசிந்தா மேடம் காத்திருக்கிற ஆள் இல்லை, அதுவும் அந்த எண்ணைப் பார்த்த பிறகு. மூன்று மருந்து, மூன்று சுற்று. ஒன்று நுரையீரலைக் கடினமாக்கும், ஒன்று காதையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். அவள் பிளஸ் டூ. மார்ச்சில் பரீட்சை. பதினொன்று. "என்ன தம்பி, ஸ்லைடு எப்படி இருக்கு?" ஜெபமணி அண்ணன் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை, கையில் டீ. நல்லா இருக்குண்ணே என்றேன். "ரெண்டு பிளேடு போச்சு. பரவால்ல, நீங்க பாருங்க." ஒரு பேச்சுக்கூடப் பேசாமல் இரண்டு பிளேடை விட்டுக்கொடுத்தார். முன்னாலேயே கேட்டிருந்தாலும் இப்படித்தான் கொடுத்திருப்பார், ஒரு திட்டுத் திட்டிவிட்டுக் கொடுத்திருப்பார், ஒரு திட்டு. அதற்குப் பயந்து. பன்னிரண்டாவதில் கீறல் இருந்தது, முடியின் கீறல், நடுவில் வெள்ளையாகக் கிழித்துக்கொண்டு போனது, அதற்கு இரண்டு பக்கமும் தோல்தான்.

பதின்மூன்று. வைத்த உடனே தெரிந்தது. தேடவே வேண்டியிருக்கவில்லை, அதுதான் ஆச்சரியம், அத்தனை நேரம் கண் வலிக்கத் தேடினது இங்கே தானாக வந்து நின்றது. கரும்நீலம், ஆனால் வரிசை இல்லை, அடுக்கு இல்லை. நடுவில் ஒரு துளை, அதைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு செல்கள், தண்ணீர் வருகிற நேரத்தில் குழாயடியில் குடத்தோடு முண்டுகிற கூட்டம் மாதிரி, ஒன்றின் மேல் ஒன்று. பக்கத்தில் இன்னொரு துளை, இன்னொரு கூட்டம். பெரிதாக்கினேன். ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டு மூன்று செல் பாதியாகப் பிரிந்துகொண்டிருந்த நிலையில் நின்றன, மெழுகிலும் சாயத்திலும் பிடிபட்ட பிறகும் பெருகிக்கொண்டிருப்பது போலவே இருந்தது. சரி. இருக்கிறது. இருக்கட்டும். எவ்வளவு? அதைச் சொல். சின்ன லென்ஸுக்கு வந்தேன். வட்டத்துக்குள் இருந்தது. நடுவில் இருந்தது, சுற்றிலும் இளஞ்சிவப்பு தெரிந்தது, அடங்கிவிட்டது, கடவுளே, அடங்கிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் வலது ஓரத்தில் ஒரு கரும்நீல வால். ஸ்லைடை இடது பக்கம் கொஞ்சம் நகர்த்தினேன், வால் உள்ளே வந்தது, இந்தப் பக்கம் ஒரு கூட்டம் வெளியே போய்விட்டது. வலது பக்கம் நகர்த்தினேன், அது வந்தது, வால் போனது. கீழே இறக்கிப் பார்த்தேன். மேலே ஏற்றிப் பார்த்தேன். குட்டைப் போர்வையை இழுக்கிறவன் மாதிரி, தலையை மூடினால் கால் தெரிகிறது, காலை மூடினால் தலை. ஒரு மயிரிழைதானே வெளியே நிற்கிறது, அதை யார் பார்க்கப்போகிறார்கள், வேறு மைக்ரோஸ்கோப்பில் வட்டம் கொஞ்சம் பெரிது, பக்கத்து அறையில் இருக்கிற பழைய மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் அடங்கிவிடும், அடங்கினால் மருந்து இல்லை, நுரையீரல் இல்லை, அவள் மார்ச்சில் பரீட்சை எழுதுவாள், ஜெசிந்தா மேடத்திடம் முதல் கிரேடுதான் மேடம் என்பேன், என் அஞ்சு துண்டால் யாருக்கும் ஒரு சேதமும் வரவில்லை என்று ஆகிவிடும். எத்தனை தடவை நகர்த்தினேன் என்று தெரியாது. கை தானாக நகர்த்திக்கொண்டிருந்தது. நான் அவளுக்காக நகர்த்துகிறேனா எனக்காக நகர்த்துகிறேனா என்று ஒரு கேள்வி வந்தது, அதைக் கேட்டது யார் என்று தெரியவில்லை, நல்ல சத்தமாகக் கேட்டது. கையை எடுத்தேன். எடுத்துவிட்டு, ஸ்லைடை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இழுக்காமல், வால் போகிற திசையில் மட்டும் மெதுவாக நகர்த்தி அடுத்த வட்டத்துக்குப் போனேன். அங்கே வால் இல்லை. அங்கே அது இன்னொரு முழுத் திட்டு. ஒன்றரை வட்டம். தாராளமாக ஒன்றரை. இரண்டாம் கிரேடு. பேனாவை எடுத்து ஸ்லைடின் மேல் இரண்டு ஓரத்திலும் புள்ளி வைத்தேன். அது காய்வதற்குள் எழுந்துவிட்டேன், திரவியம் சார் அறைக்குப் போக வேண்டும், போய் முதலில் எதைச் சொல்வது, கண்டுபிடித்தேன் என்பதையா, அஞ்சுதான் எடுத்தேன் என்பதையா, போதும் என்று சொன்னது பொய் சார் என்பதையா, கால் அதற்குள் கதவைத் திறந்துவிட்டது, ஒரு மாதிரி லேசாக இருந்தது உடம்பு, இரண்டு நாளாகப் பிடித்திருந்தது விட்ட மாதிரி.

வேலம்மாள் எழுந்துவிட்டாள். "ரிப்போர்ட்டு வந்துட்டா சார்?"

நாங்கள் நோயாளியிடம் எதையும் நேராகச் சொல்வதில்லை. மேடம்தான் சொல்ல வேண்டும். இல்லைம்மா, இன்னும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போகலாம். தாண்டுவதற்கு இரண்டு அடி இருந்தது.

"போன வாரம் கொடுத்த ரிப்போர்ட் தப்பும்மா," என்றேன். "அதை எழுதினது நான்தான். கட்டியில கொஞ்சம் இடம்தான் வெட்டிப் பார்த்தேன். மிச்சத்தைப் பார்க்காம விட்டுட்டேன். அதுல வேற மாதிரி திசு இருக்கு. இன்னும் வைத்தியம் பண்ண வேண்டியிருக்கும்னு நினைக்கிறேன். மேடம் விவரமாச் சொல்வாங்க."

வேலம்மாள் ஃபைலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "நாங்க நேத்தே போயிருந்தோம்னா? தையலப் பிரிச்ச கையோட பஸ் ஏறியிருந்தோம்னா, இதச் சொல்ல எங்க ஊருக்கு வந்திருப்பீரா? புற்று இல்லன்னு நீங்கதான எழுதுனிய. அந்தத் தாள சாமிகிட்ட வச்சுக் கும்பிட்டேனே சார். நீங்களும் ஒரு தாய் பெத்த புள்ளதானே." நான் நின்றேன். சொல்வதற்கு இருந்தது ஒன்றுதான், அதைச் சொன்னால் அவள் என்னை மன்னிக்க வேண்டிய வேலையும் அவள் தலையில் விழும், அதனால் சொல்லவில்லை.

"எம்மா, இரு." முப்புடாதி செல்போனைக் கவிழ்த்துப் பெஞ்சில் வைத்தாள். என்னைப் பார்த்தாள். குரலில் நேற்றைய சத்தம் இல்லை. "மிச்சம்னு சொன்னீகளே. அத இப்ப பாத்துட்டீகளா?"

"பார்த்துட்டேன்."

"முழுசுமா?"

ஆமாம் என்று வாய் திறந்தேன். திறந்த வாயோடு தட்டு கண்ணில் வந்தது. பதினாலு, பதினைந்து, பதினாறு. மூன்றும் அப்படியே கிடக்கின்றன, விளக்கைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கட்டியின் கிரேடை நல்ல ஸ்லைடை வைத்துச் சொல்வதில்லை, இருப்பதில் மோசமானதை வைத்துத்தான் சொல்வார்கள். நூற்று நாற்பதுக்குக் காரணம் இந்தத் திட்டு மட்டும்தானா, இன்னும் மோசமாக வேறொன்று அந்த மூன்றில் இருக்கிறதா, எனக்குத் தெரியாது. கண்டுபிடித்துவிட்டேன் என்றதும் எழுந்துவிட்டேன். அந்த லேசு, உடம்பில் வந்ததே, அது மறுபடியும் போதும் என்று சொன்னதுதான்.

"இல்லை," என்றேன். "இன்னும் மூணு இருக்கு."

"அப்பம் எங்க போறீக?" என்றாள் முப்புடாதி.

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வேலம்மாள் மகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெதுவாகப் பெஞ்சில் மகளை ஒட்டி உட்கார்ந்தாள். நான் உள்ளே வந்தேன். கதவைச் சாத்தவில்லை. பதின்மூன்றாவதை அதன் இடத்தில் வைத்துவிட்டுப் பதினாலாவதை எடுத்தேன்.